ஒற்றை உத்திரத்துக்காரர்

"நான் மண்ணுக்குக் கீழே போறது வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வருவாங்க. அதுவரைக்கும் என் செருப்புகூடக் கீழே இறங்காது!"

ஆகாசம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம் ஒரு டீக்கடை. சாட்சிகள் மூவர்: டீக்கடைக்காரர், ஒரு முடிதிருத்துபவர், கூலிக்கு வந்து கூலி கிடைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெயின்டர். இதைவிடச் சின்னக் கூட்டங்களில் இதைவிடப் பெரிய சபதங்கள் போடப்பட்டு, அவற்றால் நாடுகளே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஆட்கள் குறைவு என்பதற்காக இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைய செய்தித்தாள்தான் காரணம். நகரத்துக்கு வருவதாக இருந்த மோனோரயில் வராது, அதற்குப் பதிலாகப் பூமிக்கடியில் ரயில் விடப்போகிறோம் என்று மேலிடம் அறிவித்திருந்தது. செய்தியைப் படித்ததும் ஊரே "சரி, ஏதோ ஒண்ணு" என்று டீயைக் குடித்தது. ஆகாசத்தின் டீ மட்டும் ஆறிப்போனது.

ஆகாசம் என்பது அவர் பெயரல்ல. அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. கிரேன் ஓட்டுவது தொழில். உயரமான கட்டடங்கள் எழும்பும்போது அவற்றுக்குப் பக்கத்தில் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்குமே, அந்தக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலையில் ஏணி ஏறிக் கூண்டுக்குள் போனால் வேலை முடிந்துதான் இறங்குவார். நடுவில் இறங்கி ஏறினால் அரை நாள் ஏணியிலேயே போய்விடும். இயற்கையின் அழைப்புக்குக்கூட ஒரு பாட்டில்தான் பதில் சொல்லும். இப்படி ஆயுளில் பாதியைப் பறவைகளின் மட்டத்தில் கழித்த மனிதருக்கு, தரையில் நடப்பவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும், தரைக்குக் கீழே போகிறவர்கள் மேல் நிறைய சந்தேகமும் இருந்ததில் வியப்பில்லை.

மோனோரயிலுக்கும் அவருக்கும் இருந்த உறவு சாதாரண உறவல்ல. சாலை நடுவே தூண், தூண்களின் மேல் கான்கிரீட் உத்திரம், அந்த ஒற்றை உத்திரத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஓடும் ரயில். இதுதான் திட்டம். ஊருக்கு மாதிரி காட்டுவதற்காக நாற்சந்தியில் இரண்டு தூண்களை நட்டு, மேலே ஒரே ஒரு உத்திரத்தை வைத்தார்கள். அந்த உத்திரத்தைப் பெரிய கிரேன் வைத்துத் தூக்கி, பூப்போல உட்கார வைத்தவர் ஆகாசம். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடும்போது ஒரு தாய்க்கு இருக்கும் பதற்றம் அன்று அவருக்கு இருந்தது. உத்திரம் உட்கார்ந்ததும் கீழே நின்ற அதிகாரிகள் கைதட்டினார்கள். அமைச்சர் ஒருவர் தூணைத் தட்டிக் கொடுத்தார். தூண் தாங்கிக்கொண்டது.

அதோடு சரி. இரண்டாவது உத்திரம் வரவேயில்லை.

அது வரும் என்ற நம்பிக்கையில் ஆகாசம் குடும்பத்தோடு அந்த நாற்சந்தியிலேயே ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தார். அந்த வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வராது, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூடத்து ஜன்னல் உத்திரத்துக்கு நேர் எதிரே இருந்தது. ரயில் வந்தால் அதில் போகிறவர்களின் முகம் தெரியும்.

"ரயில்ல நான் போவேன்ப்பா, நீ இங்க இருந்து கை காட்டு," என்றாள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள்.

"காட்டறேன் பாப்பா."

"வேலைக்குப் போயிட்டா?"

"லீவு போட்டுட்டுக் காட்டறேன்."

அந்த லீவை அவர் எடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

டீக்கடையில் மட்டும் வாதம் வருடக்கணக்கில் நடந்தது. "பூமிக்குள்ள கொண்டுபோய்க் கொட்டற காசுல ஒரு பங்கு இருந்தா மேலயே முடிச்சிருக்கலாம்யா! வீடு இடிக்க வேண்டாம், ரோட்டைக் கிழிக்க வேண்டாம். தூணுக்கு என்ன பெரிய இடம்? ஒரு பூந்தொட்டி வைக்கிற இடம்!"

"பூந்தொட்டியா?" என்றார் முடிதிருத்துபவர். "உன் பூந்தொட்டியைச் சுத்திக்கிட்டுப் போறதுக்குள்ள என் சைக்கிளுக்கு மூச்சு வாங்குது."

"அதுல கூட்டம் ஏறாதுங்கறாங்களே," என்றார் பெயின்டர்.

"யாரு சொன்னது?"

"பேப்பர்ல."

"பேப்பரை நம்பாதே. பேப்பர்லதான் மோனோ வரும்னும் போட்டாங்க."

முடிதிருத்துபவர் இன்னொரு டீ சொன்னார்.

தனித்து நின்ற உத்திரத்துக்கு ஊர் 'மொட்டைப்பாலம்' என்று பெயர் வைத்தது. பேருந்து நடத்துநர்கள் "மொட்டைப்பாலம் இறங்கு" என்று கூவினார்கள். அதில் பனியன் விளம்பரம் தொங்கியது. புறாக்கள் குடும்பம் நடத்தின. அதை இடித்துவிடலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். இடிக்கும் செலவு கட்டிய செலவைத் தாண்டும் என்று குழு கண்டுபிடித்து, தேநீர் அருந்திக் கலைந்தது. தினமும் காலையில் ஆகாசம் ஜன்னலில் நின்று உத்திரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். "விட்டாச்சா? வந்து சாப்பிடுங்க."

அந்த வீட்டின் இன்னொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். கிரேன்காரர்களுக்குக் காதால் பயனில்லை. உச்சியில் காற்றும் இன்ஜினும்தான் கேட்கும். கீழே நிற்கும் சிக்னல்காரர் கையால் பேசுவார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டால், தூக்கு. விரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டால், இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால், நிறுத்து. சிக்னல்காரர் சிக்னல் கொடுத்தால் கிரேன்காரர் கேள்வி கேட்கக் கூடாது. அவர் ஒருவருக்குத்தான் கட்டுப்பட வேண்டும், மற்றவர்கள் என்ன ஆட்டினாலும் ஆடக் கூடாது. ஆனால் 'நிறுத்து' என்பதை மட்டும், வழியில் போகிற யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். தொழிலின் வேதம் இவ்வளவுதான்.

பள்ளி விடுமுறையில் மகள் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோவாள். அவளுக்காக ஏணியிறங்க முடியாதே. ஆகாசம் கொக்கியை இறக்குவார். அவள் தூக்கை மாட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று, விரலை மேலே நீட்டி வட்டம் போடுவாள். வீடு கட்டப் பயன்படும் மாபெரும் யந்திரம், இரண்டு அடுக்குத் தூக்கு ஒன்றை, ஒரு சொட்டுச் சிந்தாமல் வானத்துக்குக் கொண்டுபோகும். விதிமுறைப்படி இது பெரிய குற்றம். பார்த்தவர்கள் யாரும் புகார் செய்யவில்லை. சிலர் தங்கள் தூக்கையும் நீட்டினார்கள்.

வீட்டுக்குள்ளும் அதே பாஷை ஒட்டிக்கொண்டது. சோறு போதும் என்றால் கவிழ்ந்த உள்ளங்கை. மகள் பரீட்சை முடிவு பார்த்துவிட்டுத் தெருவிலிருந்தே ஜன்னலைப் பார்த்து விரலை மேலே சுழற்றினால் தேறிவிட்டாள். கீழே சுழற்றிய வருடமும் ஒன்று உண்டு. அன்று ஆகாசம் அவளைத் திட்டவில்லை. "சரி, லோடு கொஞ்சம் ஜாஸ்தி," என்று விட்டுவிட்டார்.

அவள் வளர்ந்து ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு வாலிபர் வெயில் கண்ணைக் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடி வாங்க வந்தார். பிறகு பிரேம் கோணல் என்று வந்தார். கோணலை நிமிர்த்தியதில் கோணல் என்று மறுபடி வந்தார். கடைசியில் கண்ணாடியே இல்லாமல் வீட்டுக்கு வந்து, கூடத்தில் ஆகாசத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன வேலை?" என்று கேட்டார் ஆகாசம்.

"சுரங்கம் தோண்டற மெஷின் ஓட்டறேன் மாமா."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"எந்த சுரங்கம்?"

"இந்த ரயிலுக்குத்தான்."

ஆகாசம் ஜன்னல் வழியாக உத்திரத்தைப் பார்த்தார். தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் அதை எழுதுகிறவனுக்கு நகைச்சுவை உணர்வு சற்று அதிகம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் உங்க மெஷின்?"

"மண்ணு நல்லா இருந்தா உங்க வீட்டு வாசல்ல இருந்து டீக்கடை வரைக்கும் மாமா."

"நத்தை அதைவிட வேகமாப் போகும்."

"போகும் மாமா. ஆனா நத்தைக்குப் பின்னால ரயில் வராது."

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பில் ஆகாசம் தோற்றுப்போனார். மாப்பிள்ளைக்குப் 'பெருச்சாளி' என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டு, வாய் திறந்து சம்மதம் சொன்னார். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. உங்க ரயில்ல மட்டும் நான் ஏற மாட்டேன். டீக்கடையில சொல்லியாச்சு."

கல்யாணம் முடிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊரின் மறுகோடியில் இருந்த வீட்டுக்கு மகள் புறப்பட்ட அன்று, மனைவி கீழே வேனுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். ஆகாசம் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றார். வேன் நகர்ந்தது. அவருடைய வலது கை தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டது, உள்ளங்கை கவிழ்ந்தது. யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். வேன் டிரைவருக்கு அந்த வேதம் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், மழை வருகிறதா என்று அவர் பார்ப்பதாக நினைத்துத் தன் துணிகளை எடுத்துவிட்டார்.

மகள் வீட்டுக்கு ஆகாசம் உடனே போகவில்லை. முதலில் 'குடித்தனம் ஒழுங்காகட்டும்' என்று தள்ளிப்போட்டார். பிறகு 'கூப்பிடட்டும்' என்று தள்ளிப்போட்டார், கூப்பிட்டாள். பிறகு பேருந்தில் போகலாம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய சமயத்தில், சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, அந்தப் பக்கம் போன பேருந்துகளை எல்லாம் பயணிகளின் வசதியை முன்னிட்டு ரத்து செய்துவிட்டார்கள். மனைவி தயங்காமல் சுரங்கத்தில் இறங்கிப் போய் வரத் தொடங்கினாள்.

"குளுகுளுன்னு இருக்குங்க உள்ள. உட்கார்ந்தா எழுந்திருக்கறதுக்குள்ள வந்திடுது."

"இருட்டா இருக்குமே."

"இருட்டு வெளியில. நமக்கு உள்ள லைட்டு. ஏன், மேலால போனா மட்டும் உங்களுக்கு மாலை போடுவாங்களா?"

இதற்கிடையில் விதி தன் அடுத்த குறும்பைச் செய்திருந்தது. சுரங்க ரயிலுக்கு நாற்சந்தியில் ஒரு நிலையம் வந்தது. அதன் பெயர் மொட்டைப்பாலம். உள்ளே இறங்கும் படிக்கட்டின் வாசல் உத்திரத்துக்கு நேர் கீழே. பெயர்ப்பலகையைத் தொங்கவிட வாகான இடம் தேடிய பொறியாளர்கள், சும்மா கிடந்த உத்திரத்தில் தொங்கவிட்டார்கள். எதிரியின் கொடியை ஆகாசத்தின் பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றது.

போதாக்குறைக்கு, சுரங்கம் தோண்டிய காலத்தில் யாரோ அந்தத் தூண்களில் உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "தலை சீவறதுக்கு என் தூண்தான் கிடைச்சுதா?" என்று ஆகாசம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

ஞாயிறுகளில் மகள் வருவாள். அன்று காலை பல் துலக்கியதிலிருந்து ஆகாசம் ஜன்னலில்தான். அதிகாரபூர்வமாக அவர் உத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உத்திரத்துக்கு நேர் கீழே நிலைய வாசல் இருப்பது அவர் செய்த குற்றமல்ல. பூமி வாய் திறந்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பும். குடை, தொப்பி, மொட்டைத்தலை, பூங்கொத்து, யார் யாரோ. எல்லாரும் வந்த பிறகு, சற்றுச் சாய்ந்தபடி ஒரு தலை வரும். வெயிலில் கண்ணைச் சுருக்கி மேலே பார்க்கும். விரலை உயர்த்தி ஒரு வட்டம் போடும். ஆகாசம் சட்டென்று ஜன்னலிலிருந்து விலகி, நாற்காலியில் உட்கார்ந்து, தலைகீழாகப் பிடித்த செய்தித்தாளை மும்முரமாகப் படிப்பார்.

மாலையில் அவள் திரும்பிப் போகும்போது பூமி அவளை மறுபடி விழுங்கும். அப்போது செய்தித்தாள் கிடையாது. கடைசிப் படியில் அவள் தலை மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். மேலே ரயில் ஓடியிருந்தால் இந்நேரம் அவள் முகம் ஜன்னலைக் கடந்து போயிருக்கும், கை காட்டியிருப்பாள், ஆறு வரைக்கும் அந்த ரயிலின் வால் தெரிந்திருக்கும். சுரங்க ரயிலுக்கு வால் கிடையாது. போனால் போனதுதான்.

ஒரு நாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவருக்கு இங்க மிச்ச வேலையும் முடிஞ்சிடுச்சு. வேற ஊர்ல தோண்டக் கூப்பிடறாங்க. வர்ற வாரம் கிளம்பறோம்."

"எந்த ஊரு?"

சொன்னாள். அந்த ஊருக்குப் போக விமானம் வேண்டும். வாழ்நாளெல்லாம் மேலே இருந்த மனிதருக்கு அந்த உயரம் மட்டும் திடீரென்று பிடிக்காமல் போனது.

"பெருச்... மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவர் இருக்கட்டும். நீ ஒரு தடவைகூட எங்க வீட்டுக்கு வரலப்பா. நான் சமைச்சு நீ சாப்பிட்டதே இல்ல. காலி பண்றதுக்குள்ள ஒரே ஒரு நாள் வாயேன்."

ஆகாசம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"இன்னொண்ணு. அவர் சொல்லச் சொல்லல, நானே சொல்றேன். உன் தூணுக்கு அடியில மெஷின் போனப்போ ரொம்ப மெதுவாத்தான் ஓட்டினாராம். மேலதிகாரி சத்தம் போட்டும் வேகம் எடுக்கலயாம். தூண் அசையுதான்னு லைட் அடிச்சு அளக்கறதுக்குத்தான் அந்தக் கண்ணாடி எல்லாம். ஒரு முடி அளவுகூட அசையலைன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை சொன்னார்."

ஆகாசம் ஜன்னல் வழியாகத் தூணைப் பார்த்தார். கண்ணாடித் துண்டு வெயிலில் பளிச்சென்றது. கண் கூசியது, கொஞ்ச நேரம் கூசிக்கொண்டே இருந்தது.

"வர்றேன். டாக்ஸி பிடிச்சு வர்றேன்," என்றார்.

குறித்த நாள் வந்தது. மனைவி முந்தின நாளே மகள் வீட்டில் மூட்டை கட்டப் போய்விட்டாள். ஆகாசம் இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரு பை பழத்தோடு டாக்ஸியில் ஏறினார். டாக்ஸி அரைத் தெரு போய் நின்றது. முன்னால் கார்கள், பின்னால் கார்கள்.

"என்னப்பா?"

"இன்னைக்கு ஊர்வலம் சார். ஆத்துப் பாலத்தை மூடிட்டாங்க."

"என்ன ஊர்வலம்?"

"போக்குவரத்து நெரிசல் ஒழிப்பு ஊர்வலம். எல்லாரும் கார்ல வந்திருக்காங்க."

ஆகாசம் காத்திருந்தார். ஹாரன்கள் கதறின. பழப்பை மடியில் சூடேறியது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் டாக்ஸிக்காரர், "அவசரம்னா அதோ, கீழே போயிடுங்க. நானே வீட்டுக்கு அதுலதான் போறேன்."

ஆகாசம் இறங்கினார். தன் உத்திரத்தின் நிழலில் வந்து நின்றார். முன்னால் படிக்கட்டு. எதிரே டீக்கடை, அங்கே முடிதிருத்துபவரும் பெயின்டரும் கண்ணாடித் தம்ளரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளுக்குப் போன் செய்தார்.

"பாப்பா, பாலம் மூடியிருக்கு. வர முடியாது போலிருக்கு."

"எங்க நிக்கறே?"

"நம்ம உத்திரத்துக்குக் கீழதான்."

"அங்கயே நில்லு."

நின்றார். ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போக அவருக்குத் தெருவைக் கடந்தால் போதும். ஜன்னல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

கீழே, படிகள் முடிந்து கூடம் தொடங்கும் இடத்தில், விளக்கு வெளிச்சத்தில் மகள் வந்து நின்றாள். கையில் மாவு காய்ந்திருந்தது. சமையலைப் பாதியில் விட்டு ரயிலேறி வந்திருந்தாள். மேலே ஏறி வருவாள் என்று ஆகாசம் எதிர்பார்த்தார். அவள் ஏறவில்லை. ஒன்றும் கூப்பிடவுமில்லை. கூட்டத்திலிருந்து விலகி, அவர் கண்ணுக்கு நேராக வந்து, வலது கையைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலைத் தரையைப் பார்த்து நீட்டி, சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

இறக்கு.

சிக்னல் கொடுத்தால் கேள்வி கேட்கக் கூடாது. ஆகாசத்தின் கால் முதல் படியில் இறங்கியது.

டீக்கடையில் முடிதிருத்துபவர் எழுந்தே நின்றுவிட்டார். "யோவ், செருப்பு இறங்குதுய்யா!"

"சும்மா இரு," என்றார் டீக்கடைக்காரர்.

அவள் விரல் நிற்கவில்லை. வட்டம், வட்டம். அவர் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் படிப்படியாக இறங்கினார். ஒரு இடத்தில் தயங்கினார், வட்டம் மெதுவானது, அவரும் மெதுவாக இறங்கினார். தலைக்கு மேலே வெளிச்சம் சுருங்கியது. கீழேயிருந்து குளிர்காற்று வந்து சட்டையைத் தூக்கியது. கடைசிப் படியில் கால் வைத்தபோது அவள் கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

ஆகாசம் நின்றார். திரும்பி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். படிக்கட்டு வாசலின் சதுரத்துக்குள் அவருடைய உத்திரத்தின் அடிவயிறு தெரிந்தது. அதை இவ்வளவு கீழேயிருந்து அவர் பார்த்ததே இல்லை. ஒரு புறா அங்கே கூட்டில் உட்கார்ந்திருந்தது.

மகள் அவர் கையிலிருந்து பழப்பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு நடந்தார்கள். பைக்குள் கையை விட்ட மகளைத் தடுத்துவிட்டு, ஆகாசமே முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்," என்றார் ஆகாசம்.